இரு அணியிலும் இடமில்லாத வீராங்கனைகள்

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவச் செவிலியர் லிண்டா வான் டெவான்டர், 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் நடந்த போர் எதிர்ப்புப் பேரணி ஒன்றுக்குப் போனார். அதை நடத்தியவர்கள் போரை நேரில் கண்டு, அது தவறு என்று உரக்கச் சொல்லத் துணிந்த முன்னாள் படைவீரர்கள். பிளெய்கு நகரின் 71-ஆம் எண் ராணுவ மருத்துவமனையில், குண்டடிபட்டு வந்த இளைஞர்களின் உடல்களுக்கு நடுவே ஓராண்டைக் கழித்தவர் லிண்டா. முன்வரிசைக்கு வந்த அவரை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தடுத்துவிட்டார். பார்த்தால் படைவீரர் மாதிரி இல்லையே, நீங்கள் முன்னால் நடந்தால் படையில் இல்லாதவர்களைக் கூட்டி வந்து ஆள்கணக்குக் காட்டுகிறோம் என்று அதிபர் நிக்ஸனும் தொலைக்காட்சிக்காரர்களும் நினைப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1983-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் லிண்டா இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

அமெரிக்காவின் முன்னாள் வீராங்கனைகள் அரை நூற்றாண்டாக நடத்திவரும் போராட்டத்தில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. படையைப் போற்றியவர்கள், அவர்கள் பெண்கள் என்பதால் ஒதுக்கினார்கள். சமத்துவமும் அமைதியும் பேசியவர்கள், அவர்கள் படையில் இருந்தவர்கள் என்பதால் தயங்கினார்கள். முதல் தரப்பின் புறக்கணிப்பு எதிர்பார்க்கக்கூடியது. இரண்டாவது தரப்பின் தயக்கம்தான் என்னை வருத்துகிறது. இந்தப் பெண்களுக்கு இதுவரை கிடைத்த உரிமைகளைப் பின்தொடர்ந்து போனால், அநேகமாக ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பெரிய கட்சியோ பெரிய இயக்கமோ இருக்காது; ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்த சில பெண்கள்தான் இருப்பார்கள்.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ 2,65,000 பெண்கள் பணியாற்றினார்கள். அவர்களில் சுமார் 11,000 பேர் வியட்நாமிலேயே இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் செவிலியர்கள். ஊர் திரும்பிய பிறகு இவர்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று அரசு கேட்கவே இல்லை. நீங்கள் படையில் பணியாற்றியவரா என்ற கேள்வியை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெண்களிடம் முதன்முறையாகக் கேட்டது 1980-ல். ஆம் என்று 12 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அரசின் தணிக்கை அலுவலகம் ஆய்வு செய்தபோது, முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளில் பெண்களுக்கு மறைப்போடுகூடிய இடவசதி போதவில்லை, மகப்பேறு - பெண்நோய் மருத்துவம் சரிவரக் கிடைக்கவில்லை, தங்களுக்கு என்ன சலுகை உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதெல்லாம் வெளியே வந்தது. உரிமை சட்டத்தில் இருந்தது. மருத்துவமனை வாசல்வரை வந்தவருக்கு அது கைக்கு எட்டவில்லை.

லிண்டா சும்மா இருக்கவில்லை. வியட்நாம் முன்னாள் படைவீரர்களின் அமைப்பில் பெண்களுக்கான பிரிவை உருவாக்கி நடத்தினார். தூக்கமின்மை, திடீர் அழுகை, குடிப்பழக்கம் என்று தனித்தனியாகத் தவித்துக்கொண்டிருந்த செவிலியர்களிடம், உங்களுக்கு நேர்ந்திருப்பது போரின் காயம் என்று சொன்னார். துப்பாக்கி ஏந்தாதவருக்குப் போரின் மனக்காயம் எப்படி வரும் என்று மருத்துவர்களே கேட்ட காலம் அது. 1988-ல் முடிவுகள் வெளியான தேசிய ஆய்வு, வியட்நாமில் பணியாற்றிய பெண்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய்க்கு ஆளானதாகக் கண்டது. ஆண்களில் அது 31 சதவீதம். லிண்டா 2002-ல், 55 வயதில் காலமானார். வியட்நாம் காடுகளில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சுதான் தன் நோய்க்குக் காரணம் என்று அவர் நம்பினார்.

டயான் கார்ல்சன் எவன்ஸ் மினசோட்டா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1968-69-ல் வுங் டாவிலும் பிளெய்குவிலும் செவிலியராக இருந்தார். வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கறுப்புக் கல் சுவர் 1982-ல் வாஷிங்டனில் எழுந்தது. அதில் எட்டுப் பெண்களின் பெயர்களும் உண்டு. பிறகு சுவருக்கு அருகே மூன்று வீரர்களின் சிலை வந்தது, மூவரும் ஆண்கள். அங்கே ஒரு பெண்ணின் உருவமும் நிற்க வேண்டும் என்று 1984-ல் டயான் வேலையைத் தொடங்கினார். 1987-ல் தலைநகரின் சிலைகளுக்கு ஒப்புதல் தரும் நுண்கலை ஆணையம் அந்தத் திட்டத்தை நிராகரித்தது. ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் எல்லாப் பிரிவுகளும் கேட்கும், போர் நாய்களுக்காகக்கூடக் கோரிக்கை வந்திருக்கிறது என்ற ரீதியில் பேசினார் அதன் தலைவர். அந்தப் பேச்சைக் கேட்டு நாடு முழுக்கப் பெண்கள் கொதித்தார்கள். நன்கொடை திரட்டினார்கள், முன்னாள் படைவீரர் சங்கங்களில் போய்ப் பேசினார்கள், வசைக் கடிதங்களைத் தாங்கிக்கொண்டார்கள், நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் சொன்னார்கள். 1993 நவம்பர் 11 அன்று, சிற்பி கிளென்னா குடேக்கர் வடித்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது.

சிலைகள் போரைப் புனிதமாக்குகின்றன என்று முற்போக்காளர்கள் சொல்வதுண்டு. பொதுவாக அந்தக் கருத்து எனக்கும் உடன்பாடுதான். ஆனால், இந்தச் சிலை அந்த வகையில் சேராது. வெற்றிக் கொடி எதுவும் அதில் இல்லை. காயம்பட்ட ஒருவனை மடியில் தாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணும் அவளோடு இருக்கும் இருவரும்தான். தான் வியட்நாமில் இருந்ததைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும்கூடச் சொல்லாமல் வாழ்ந்த பெண்கள், அந்த இடத்துக்கு வந்து நின்று பேசத் தொடங்கினார்கள். பேச்சு தொடங்கிய பிறகுதான் ஓய்வூதியமும் சிகிச்சையும் கேட்கும் துணிச்சல் வரும்.

இன்னொரு கதை இதைவிட நீளமானது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானங்களை ஓட்டிய 1,074 பெண்களை அரசு படைவீரர்களாகவே கருதவில்லை. பணியில் 38 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவைக் குடும்பங்களும் தோழிகளும் ஏற்க வேண்டியிருந்தது. முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977-ல்தான் கிடைத்தது. அந்த விமானிகளில் ஒருவரான எலேன் ஹார்மன் 2015-ல் இறந்தபோது, அவருடைய அஸ்திக்கு ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இடமில்லை என்று ராணுவம் கைவிரித்தது. அவருடைய மகளும் பேத்திகளும் அஸ்தியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2016 மே மாதம் சட்டம் வந்தது. செப்டம்பரில் எலேன் ஆர்லிங்டனில் அடக்கமானார்.

இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு வந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பெண்களை நேரடிச் சண்டைப் பிரிவுகளில் சேர்க்கக் கூடாது என்று 1994-ல் விதி போட்டிருந்தார்கள். ஆனால், இராக்கில் வீடு வீடாகச் சோதனை நடத்தும்போது உள்ளூர்ப் பெண்களைச் சோதிக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக உருவான குழுக்களுக்கு 'லயனெஸ்' என்று பெயர். பதிவேட்டின்படி அவர்கள் எழுத்தர், மெக்கானிக், சரக்குப் பிரிவுக்காரர். தற்காலிகமாகச் சண்டைப் பிரிவோடு 'இணைக்கப்பட்டவர்கள்'. நடைமுறையில் ஆண்களோடு சேர்ந்து துப்பாக்கிச் சண்டையில் நின்றார்கள். லீ ஆன் ஹெஸ்டர் என்ற ராணுவக் காவல் பிரிவு சார்ஜென்ட், பாக்தாத் அருகே நடந்த சண்டைக்காக 2005-ல் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் பெண் அவர். பதக்கம் வாங்காத மற்றவர்களோ ஊர் திரும்பி மனநல சிகிச்சையும் ஊனத்துக்கான உதவித்தொகையும் கேட்டபோது, நீங்கள் சண்டையில் இருந்ததாகக் கோப்பில் இல்லையே என்ற பதிலைக் கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் இருக்கவே கூடாத இடத்தில் அவர்கள் இருந்ததை அரசு எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காத காயத்துக்குச் சிகிச்சை கிடைப்பது எளிதல்ல.

2007-ல் நியூயார்க்கில் ஒன்றுகூடிய சில முன்னாள் வீராங்கனைகளிடமிருந்து 'படைப் பெண்கள் செயல் வலையமைப்பு' பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அனுராதா பகவதி. மரைன் படையில் கேப்டனாக இருந்தவர், பொருளியல் அறிஞர்கள் ஜகதீஷ் பகவதி - பத்மா தேசாய் தம்பதியின் மகள். இந்தச் சிறிய அமைப்பும் அமெரிக்கக் குடிமைச் சுதந்திரங்கள் சங்கமும் துணைநிற்க, மேரி ஜென்னிங்ஸ் ஹெகர் உள்ளிட்ட நான்கு பெண்கள் 2012 நவம்பரில் சண்டைத் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே பாதுகாப்பு அமைச்சர் லியான் பனெட்டா தடையை விலக்கினார். 2015 டிசம்பரில் எல்லாப் பிரிவுகளும் பெண்களுக்குத் திறந்தன.

பெண்களும் போய்ச் சண்டையிடுவதா முற்போக்கு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இராக் போரை எதிர்த்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2004-ல் தொடங்கிய 'போருக்கு எதிரான இராக் முன்னாள் படைவீரர்கள்' அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான கெல்லி டகர்ட்டி பெண்தான். அந்த அமைப்பு 2008 மார்ச்சில் மேரிலாந்தில் நடத்திய சாட்சிய அரங்கில், படைக்குள் பெண்கள் படும் பாட்டுக்கென்றே தனி அமர்வு இருந்தது. லிண்டாவின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நகர்வு. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: படைக்குப் போகும் பெண்கள் யார்? கல்லூரிக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் படைக்குப் போனால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களிலிருந்து ஏராளமானவர்கள் வருகிறார்கள். அமெரிக்கப் படைப் பெண்களில் கறுப்பினத்தவரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உழைக்கும் வர்க்கத்தைப் பற்றிப் பேசும் எந்த இயக்கமும் இந்தப் பெண்களைத் தங்கள் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. போரை எதிர்ப்பதற்கும், போருக்கு அனுப்பப்பட்டவளுக்கு மருந்து கேட்பதற்கும் இடையே எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை.

எதிரியின் குண்டைவிடச் சக வீரனின் கை செய்த காயமே பலருக்குப் பெரிது. முன்னாள் படைவீரர் துறை மருத்துவமனைகளில் கேட்கப்படும்போது, மூன்றில் ஒரு பெண் பணிக்காலத்தில் பாலியல் தாக்குதலையோ கடுமையான சீண்டலையோ எதிர்கொண்டதாகச் சொல்கிறார். ஐம்பதில் ஓர் ஆணும் சொல்கிறார். இந்தக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அத்துறை ஆலோசனை தர வழிசெய்யும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. நீதி மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன்மீது வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவனுடைய தளபதியிடமே இருந்தது. அரசின்மீது இழப்பீட்டு வழக்குப் போடலாமென்றால், பணியின்போது நேர்ந்த தீங்குக்குப் படைவீரர் அரசை வழக்கில் இழுக்க முடியாது என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஃபெரஸ் தீர்ப்பு குறுக்கே நின்றது. 2011-ல் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக அப்போதைய பாதுகாப்பு அமைச்சர்மீதும் அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்மீதும் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது.

புகார் கொடுத்தவளுக்கு 'ஆளுமைக் கோளாறு' என்று முத்திரை குத்திப் படையிலிருந்து வெளியேற்றுவது பழக்கமாக இருந்தது. அந்த வெளியேற்றச் சான்றிதழ் அவளை வாழ்நாள் முழுக்கத் துரத்தும். வேலைக்குப் போகும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும். உதவித்தொகை கேட்கும் இடத்தில் அதை வைத்தே மறுப்பார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

உதவித்தொகைக்கான சான்று விதிகளைப் பாருங்கள். 2010 ஜூலையில் அரசு ஒரு நல்ல மாற்றம் செய்தது. போர்க்களத்தில் உயிரச்சத்தோடு இருந்ததால் மனநோய் வந்தது என்று படைவீரர் சொன்னால், அவர் பணியாற்றிய இடமும் சூழலும் அதற்குப் பொருந்தி, துறை மருத்துவரும் உறுதிசெய்தால், அவருடைய சொல்லே போதும். பாலியல் தாக்குதலுக்கு இந்தத் தளர்வு இல்லை. அந்தச் சமயத்தில் இடமாற்றம் கேட்டாயா, வேலையில் திடீரென்று சறுக்கினாயா, கர்ப்பப் பரிசோதனை செய்தாயா என்று துணைச் சான்றுகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்ட ஒன்றுக்குப் பத்திருபது ஆண்டுகள் கழித்துக் காகிதம் கேட்கிறார்கள்.

இதனால் என்ன விளைந்தது என்பதை வெளிக்கொண்டுவந்ததும் களத்தில் நின்ற பெண்கள்தான். அனுராதாவின் அமைப்பு தகவல் பெறும் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டுப் புள்ளிவிவரங்களைக் கறந்தது. 2013-ல் வெளியான அந்த அறிக்கையின்படி, 2008 முதல் 2012 வரை ஒவ்வோர் ஆண்டும், பாலியல் தாக்குதல் சார்ந்த மனநோய்க் கோரிக்கைகள் ஏற்கப்பட்ட விகிதம் மற்ற மனநோய்க் கோரிக்கைகளைவிட 16 முதல் 30 சதவீதப் புள்ளிகள்வரை குறைவாக இருந்தது. 2018-ல் துறையின் தலைமைக் கண்காணிப்பாளரே ஆய்வு செய்தார். ஆறு மாதங்களில் நிராகரிக்கப்பட்ட சுமார் 2,700 கோரிக்கைகளில் ஏறத்தாழ 1,300 முறையாகப் பரிசீலிக்கப்படவே இல்லை என்று அவர் மதிப்பிட்டார். பாதிக்குப் பாதி!

2012-ல் வந்த 'தி இன்விசிபிள் வார்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்த இரண்டு நாட்களில், பாலியல் தாக்குதல் வழக்குகளை உயர்நிலை அதிகாரிகளே கையாள வேண்டும் என்று பனெட்டா உத்தரவிட்டார். செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட், வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைத் தளபதிகளிடமிருந்து எடுத்துவிடும் மசோதாவை 2013-ல் கொண்டுவந்தார். ஆண்டுக்கு ஆண்டு அது தடுக்கப்பட்டது. தடையை உடைத்தது ஹூஸ்டன் நகரத்து மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம் ஒன்று. 20 வயது வனெஸ்ஸா கியென், டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தில் 2020 ஏப்ரல் 22 அன்று காணாமல்போனார். படைத்தளத்தில் தன்னைச் சீண்டுவதாகத் தாயிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். அவருடைய தாயும் சகோதரிகளும் படைத்தளத்தின் வாசலில் போய் நின்று நியாயம் கேட்டார்கள். ஜூன் இறுதியில் உடல் எச்சங்கள் ஆற்றங்கரையில் கிடைத்தன. கொலைசெய்தவன் அதே தளத்துச் சக வீரன்.

அந்தக் கோடையில், நானும் வனெஸ்ஸா கியென்தான் என்று சொல்லி ஆயிரக்கணக்கான முன்னாள் வீராங்கனைகள் தங்கள் கதைகளை வெளியே சொன்னார்கள். பல நகரங்களில் வனெஸ்ஸாவின் முகம் சுவரோவியமாக எழுந்தது. சுதந்திரமான விசாரணைக் குழு அந்தத் தளத்தின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. 2020 டிசம்பரில் 14 அதிகாரிகள்மீது பதவி நீக்கம், இடைநீக்கம் என்று நடவடிக்கை பாய்ந்தது. ஓராண்டில் சட்டம் மாறியது. பாலியல் வன்முறை உள்ளிட்ட கடுங்குற்றங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் தனி வழக்கறிஞர்களுக்குப் போனது. 2022 ஜனவரியில் பாலியல் சீண்டல் ராணுவச் சட்டத்தில் தனிக் குற்றமானது. எட்டு ஆண்டுகள் செனட்டில் நகராதது, ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தால் நகர்ந்தது.

ஊர் திரும்பிய பெண்ணின் அன்றாடம் இன்னும் மாறவில்லை. வீடற்ற முன்னாள் வீராங்கனைகளாகத் துறையால் அடையாளம் காணப்பட்டவர்கள் 2006-ல் 1,380 பேர். 2010-ல் 3,328 பேர். அப்போது தணிக்கை அலுவலகம் விசாரித்த, பெண்களை ஏற்கும் இடைக்காலத் தங்குமிடத் திட்டங்களில் 60 சதவீதத்துக்கு மேல் குழந்தைகளுக்கு இடம் தரவில்லை. பிள்ளையா, கூரையா என்று ஒரு தாய் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் தொல்லை: பன்னிரண்டு மருத்துவ மையங்களில் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், நாலில் ஒரு பெண், அங்கே வரும் ஆண் முன்னாள் வீரர்களால் சீண்டப்பட்டதாகச் சொன்னார். 2020-க்கும் 2021-க்கும் இடையில் முன்னாள் வீராங்கனைகளின் தற்கொலை விகிதம் 24.1 சதவீதம் உயர்ந்தது. ஆண்களில் உயர்வு 6.3 சதவீதம்.

மருத்துவமனைகளில் சீண்டலைத் தடுக்கவும் பெண்கள் நலனுக்கெனத் தனி அலுவலகம் அமைக்கவும் வழிசெய்த சட்டப்பிரிவு 2021 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்கு டெபோரா சாம்ப்சன் பெயரை வைத்தார்கள். 1782-ல் ஆண் வேடமிட்டு அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர் அவர். கைத்தொழில் வல்லுநரும் விடுதலைப் போராளியுமான பால் ரிவியர் பரிந்துரைக் கடிதம் எழுதிய பிறகே 1805-ல் அவருக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் கிடைத்தது. அவர் இறந்த பிறகு, 1838-ல், அவருடைய வாரிசுகளுக்கும் உதவித்தொகை தர நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பெண் தன் போர்ப் பணியை நிரூபிக்கப் பரிந்துரை தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2025 பிப்ரவரியில் கடற்படையின் முதல் பெண் தலைமைத் தளபதி லிசா ஃபிராங்கெட்டி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். படையில் பெண்களின் நிலை குறித்து ஆலோசனை சொல்ல 1951-ல் அமைக்கப்பட்ட குழுவை 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் கலைத்தார். இதை எதிர்த்துப் பேசும் முற்போக்கு அமைப்புகள், பதவியிழந்த தளபதிகளுக்காக மட்டும் குரல் எழுப்பினால் போதாது. கோப்பில் பெயரில்லாமல் கிடக்கும் எழுத்தரும் மெக்கானிக்கும், குழந்தையோடு காரில் உறங்கும் முன்னாள் வீராங்கனையும் அந்த அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வர வேண்டும். அவற்றின் கூட்டங்களின் மேடையில் இந்தப் பெண்களே பேச வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போர்க்கள அச்சத்துக்குக் கொடுத்த சான்றுத் தளர்வைப் பாலியல் தாக்குதலுக்கும் கொடுக்கச் சொல்லும் மசோதா, மெய்ன் மாநிலத்தின் முன்னாள் கடற்படை வீராங்கனை ரூத் மூரின் பெயரில் 2013-ல் கொண்டுவரப்பட்டது. உதவித்தொகைக்காக அவர் 23 ஆண்டுகள் போராடியவர். 2015-ல் பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதைச் சட்டமாக்கவில்லை.